நாம் ஷார்ஜாவில், சுவர் கீழக்கரையில்: வால்பேப்பர் கோளாறுகளை அடையாளம் பார்த்துச் சரிசெய்வது

ஊரிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் படங்களில் பாதி சுவர்ப் படங்கள். கீழக்கரை, பெரியபட்டினம், பனைக்குளம், தேவிபட்டினம், தொண்டி என்று எங்கள் ராமநாதபுரம் கடற்கரை முழுக்கத் தெருவுக்குத் தெரு வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் உண்டு. இங்கே குடியிருக்கும் பிளாட்டில் பார்த்த வால்பேப்பர் பிடித்துப்போய், அதே மாதிரி ரோல் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கொண்டுபோய் ஊர் வீட்டில் ஒட்டுகிறார்கள். விடுமுறை முடிந்து கதவைப் பூட்டிவிட்டுத் திரும்பி நாலைந்து மாதத்தில் படம் வருகிறது: "காக்கா (அண்ணே), இது என்ன ஆச்சுன்னு பாருங்க."

ஷார்ஜாவில் பன்னிரண்டு வருடமாக உள் அலங்கார வேலை பார்க்கிறேன். வால்பேப்பர் ஒட்டுவது அதில் பெரிய பங்கு. இங்கே நன்றாக நிற்கும் அதே காகிதம் ஊரில் ஏன் கெடுகிறது என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. அப்புறம்தான் காரணம் பிடிபட்டது. நாம் பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளி விடுமுறையில், ஜூன் ஜூலையில் போகிறோம். அப்போது கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடித்துச் சுவர் வறண்டு கிடக்கும். தொட்டுப் பார்த்தால் எந்தக் குறையும் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் அந்தச் சுவர் தன் குணத்தைக் காட்டும். அந்த நேரத்தில் நாம் அங்கே இருப்பதில்லை.

அதனால் கீழே எழுதியிருப்பதெல்லாம் தூரத்தில் இருந்துகொண்டு, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை. காகிதத்தைக் குறை சொல்லும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் போய் முடிந்தன.

எந்தக் கோளாறானாலும் முதலில் கேட்க வேண்டிய படங்கள்

நேராக எடுத்த ஒரு படம் போதாது. சுவர் முழுதும் தெரிய ஒன்று. கெட்ட இடத்தின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்தபடி கிட்டத்தில் ஒன்று. மூன்றாவதுதான் முக்கியம்: அறை விளக்கை அணைத்துவிட்டு, இன்னொரு போனின் டார்ச்சைச் சுவரோடு சுவராக ஒட்டிவைத்துப் பக்கவாட்டில் ஒளி விழச்செய்து எடுக்கும் படம். குமிழ், மேடு, உள்ளே காரை பெயர்ந்த இடம் எல்லாம் அந்த ஒளியில் நிழலோடு எழுந்து நிற்கும்.

அப்புறம் விரலால் அமுக்கச் சொல்வேன். "மச்சான், அமுக்குனா மெத்துன்னு போகுதா, மொரமொரன்னு சத்தம் வருதா?" மெத்தென்று இருந்தால் காகிதத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்றோ ஈரமோ இருக்கிறது. மொரமொர என்றால் உள்ளே உப்பு பூத்து, பட்டியோ (பெயிண்ட்டுக்கு முன் சுவரை வழவழப்பாக்கப் பூசும் பூச்சு) காரையோ பொடிந்து கிடக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மூட்டு வாய் திறந்து ஓரம் எழும்புகிறது

அதிகம் வரும் புகார் இது, எளிதில் சரியாகக்கூடியதும் இதுதான். எழும்புவது ஒரே ஒரு மூட்டில் மட்டுமா, எல்லா மூட்டிலுமா என்று முதலில் கேளுங்கள்.

எல்லா மூட்டும் ஒட்டிய இரண்டு நாளிலேயே திறந்தால் காரணம் பெரும்பாலும் மின்விசிறி. வேலை முடிந்ததும் சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனை முழு வேகத்தில் விடுவார்கள். ஓரம் முதலில் காய்ந்து சுருங்கும், நடுவில் பசை இன்னும் ஈரமாக இருக்கும், மூட்டு இழுபட்டு வாய் பிளக்கும். ஒட்டிய பிறகு ஒரு முழு நாளாவது ஃபேனும் ஏசியும் வேண்டாம். கச்சான் நேராக அறைக்குள் வீசும் ஜன்னலையும் சாத்தி வையுங்கள்.

அடுத்த காரணம் பசை கரைத்த தண்ணீர். ரோலோடு வரும் பசைப் பொடி பெரும்பாலும் மெத்தில் செல்லுலோஸ். இது பச்சைத் தண்ணீரில்தான் கரையும், சூடு பட்டால் கட்டிதட்டிவிடும். நம் ஊரில் மதியம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். அதைப் பிடித்துக் கரைத்தால் பசை திப்பி திப்பியாக நிற்கும், பிடிப்பும் இருக்காது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதுவும் வேண்டாம். காவிரித் தண்ணீரோ கேன் தண்ணீரோ ஒரு வாளி போதும். காலையிலேயே பிடித்து நிழலில் வைத்துக் கரைக்கச் சொல்லுங்கள். பொடியைத் தூவிக்கொண்டே கலக்கி, பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரம் வரை ஊறவிட்டு, மறுபடி ஒரு தடவை கலக்க வேண்டும்.

திறந்த மூட்டை ஒட்டுவதற்கு: ஈர ஸ்பாஞ்சை இரண்டு நிமிடம் ஓரத்தில் வைத்துக் காகிதத்தை இளக்க வேண்டும். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் மூட்டுக்கென்றே விற்கும் பசையை உள்ளே தடவி, சற்றுப் பொறுத்து, சின்ன உருளையால் மேலிருந்து கீழாக உருட்டி, பிதுங்கி வரும் பசையை உடனே துடைத்து எடுக்க வேண்டும். காய்ந்துபோன பசை மேட் காகிதத்தில் பளபளவென்று கறையாக நிற்கும், பிறகு போகாது.

ஒரே மூட்டு மட்டும், அதுவும் அறை மூலையில் திறந்தால் அது வேறு கதை. மூலையைச் சுற்றி முழுத்தாளை மடக்கி ஒட்டியிருப்பார்கள். எந்த வீட்டு மூலையும் சரியான மூலைமட்டத்தில் இருக்காது. காகிதம் காயும்போது விறைத்து மூலையை விட்டு விலகும். மூலையில் அரை அங்குலத்துக்கும் குறைவாகத் திருப்பிவிட்டு வெட்டி, அடுத்த தாளை அதன்மேல் ஏற்றி, தூக்குக்குண்டு பிடித்துப் புதிதாக ஆரம்பிப்பதே சரி.

குமிழ் குமிழாக இருக்கிறது

ஒட்டிய அன்று தெரியும் குமிழுக்குப் பயப்பட வேண்டாம். காகித அடி உள்ள வகைகள் பசை பட்டதும் அகலத்தில் விரியும், காய்ந்தால் இழுத்துக்கொள்ளும். இரண்டு நாள் கழித்தும் நின்றால்தான் கோளாறு. பசை தடவியதும் தாளை மடித்து வைத்து ஊறவிடாமல் அவசரமாகச் சுவரில் ஏற்றியிருப்பார்கள். தாள் சுவரில் வைத்து விரிந்து போக இடமில்லாமல் குமிழாகியிருக்கும். நான்வோவன் (நெய்யாமல் இழைகளை அழுத்திச் செய்தது) அடி உள்ள காகிதம் அப்படி விரியாது. அதற்குப் பசையைச் சுவரில் தடவினால் போதும், புதிதாக ஒட்டுபவர்களுக்கு அதையே வாங்கச் சொல்வேன்.

நின்றுபோன குமிழுக்கு மருந்துக்கடை ஊசி இருந்தால் போதும். டிசைனின் கோட்டோடு சேர்ந்தாற்போல ஒரு துளையிட்டுத் தண்ணீராகக் கரைத்த பசையைச் சிறிது செலுத்தி, கால் மணி நேரம் கழித்து ஈரத்துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தடவினால் படிந்துவிடும். ஆனால் ஒட்டி ஆறு மாதம் நன்றாக இருந்துவிட்டு மழைக்காலத்தில் புதிதாகக் குமிழ் வந்தால் ஊசியை எடுக்காதீர்கள். அது பசைக் குமிழ் அல்ல, அடுத்த பகுதியைப் படியுங்கள்.

தரையிலிருந்து மூன்றடி வரை உப்பி, ஓரத்தில் வெள்ளை மாவு கொட்டுகிறது

இதுதான் நம் கரையின் சொந்த நோய். ஓதம் என்று பொதுவாகச் சொல்கிறோம். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நிலத்து ஈரம் அஸ்திவாரம் வழியாகச் செங்கல்லுக்குள் மேலே ஏறுவது. தரைத்தளத்தில் மட்டும் வரும், மூன்று நாலு அடிக்குள் நின்றுவிடும், மேல் விளிம்பு அலையலையாகக் கோடு போட்டிருக்கும்.

மற்றது சுவருக்குள் ஏற்கெனவே இருக்கும் உப்பு. உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கட்டிய வீடு, கடல் பக்கத்து மணல் கலந்த பூச்சு, பல வருடம் கடற்காற்று அடித்த வெளிச்சுவர், எல்லாவற்றிலும் உப்பு உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். அடைமழையில் அடுப்படி உப்பு ஜாடி நீர்த்துப்போவது இதனால்தான். சுவரில் உள்ள உப்பும் அதையே செய்கிறது. குழாய் உடைந்திருக்காது, மாடி ஒழுகாது, சுவர் மட்டும் ஈரமாக இருக்கும். தை மாசம் காற்று வறண்டதும் அந்தத் தண்ணீர் ஆவியாகி உப்பு மறுபடி பளிங்காகும். பளிங்கு வளரும்போது பட்டியையும் காரையையும் உள்ளிருந்தே உடைக்கும். ஒவ்வொரு வருடமும் இது நடக்கும். மாடி பிளாட்டில்கூட ஓதம் அடிக்கிறது என்று சொல்பவர்கள் இந்த வகையைச் சேர்ந்தவர்கள்.

லாத்தா (அக்கா) வீட்டில் இதை நேரில் பார்த்தேன். கட்டில் தலைமாட்டுச் சுவரில் சாம்பல் நிறத்தில் ஓலைக்கீற்று டிசைன் போட்ட வினைல் காகிதம், அதாவது மேலே பிளாஸ்டிக் படலம் உள்ளது. கீழ் ஓரத்தைத் தூக்கினேன். காகிதத்தின் முதுகில் வெள்ளை வெள்ளையாக, பஞ்சு போன்ற மயிரிழைகள் நின்றன, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தன. அதற்குப் பின்னால் பட்டி அப்பளம் போலத் தகடாக எழும்பி நின்றது. அதைத் தட்டியதும் ஒரு கை மணல் தரையில் கொட்டியது. காகிதத்துக்கு மட்டும் எந்தக் கெடுதலும் இல்லை, முன்பக்கம் புதிது போலவே இருந்தது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க, காகிதம் இல்லாத சுவர்ப்பகுதியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒரு நாள் விடச் சொல்லுங்கள். தாளின் உள்பக்கம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் வியர்த்திருந்தால் அறைக்காற்றின் ஈரம். இரண்டு பக்கமும் உலர்ந்திருந்து சுவரில் வெள்ளை மாவு மட்டும் இருந்தால் பழைய உப்பு. இந்தச் சோதனையைக் கார்த்திகையில் செய்தால்தான் அர்த்தம். ஜூலையில் செய்தால் எல்லாச் சுவரும் தேறிவிடும்.

வெள்ளையாக இருப்பது உப்பா பூசணமா என்று சந்தேகம் வந்தால் ஸ்பிரேயில் சொட்டுத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். உப்பு கரைந்து மறையும், பூசணம் மறையாது.

சரி, என்ன செய்வது? காகிதத்தை எடுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள், கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கொட்டுவதை அள்ளி வீட்டுக்கு வெளியே போடுங்கள். பொடிந்த காரையைக் கெட்டியான இடம் வரும்வரை கொத்தி எடுக்க வேண்டும். நிலத்து ஈரம் என்றால் அஸ்திவாரத்தில் ஈரத்தடுப்பு வேலை தெரிந்த கொத்தனார் வந்து பார்த்த பிறகே மறுபூச்சு. அது முடியாமல் மேலே எதை ஒட்டினாலும் அடுத்த மழைக்கு இதே படம் எனக்கு வரும். நீர் புகாத பெயிண்ட்டை உள்பக்கம் அடித்துவிட்டு மேலே காகிதம் ஒட்டலாமா என்று பலர் கேட்கிறார்கள். உப்பு அந்தப் பெயிண்ட்டையே தள்ளிக்கொண்டு வெளியே வரும். அல்லது ஈரம் இன்னும் இரண்டடி மேலே ஏறி அங்கே வெளிப்படும். நான் செய்யச் சொல்வதில்லை.

பழைய வீடுகளுக்கு ஒரு வார்த்தை. கடலில் எடுத்த பாறைக்கல்லும் சுண்ணாம்புக் காரையும் வைத்துக் கட்டிய சுவர்கள் கீழக்கரையிலும் பாம்பனிலும் இன்னும் நிற்கின்றன. அந்தக் கல் கடலிலேயே வளர்ந்தது. அதன் துளைகளில் உப்பு இருக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருப்பதால்தான் அந்தச் சுவர் இத்தனை காலம் நின்றிருக்கிறது. அதன்மேல் வினைலை ஒட்டி மூச்சை அடைக்காதீர்கள். ஆசையாக இருந்தால் மரச்சட்டம் அடித்த பலகையில் காகிதத்தை ஒட்டி, சுவருக்கும் பலகைக்கும் நடுவே இரண்டங்குலம் விட்டு, மேலும் கீழும் காற்றுப் போக வழிவைத்து நிறுத்துங்கள். அழகும் இருக்கும், சுவரும் பிழைக்கும்.

கறுப்புப் புள்ளிகள், அறையைத் திறந்ததும் புழுங்கல் வாடை

பூசணம். எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தால் காரணம் தெரியும். பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டில், ஜன்னல் திரைக்குப் பின்னால் என்றால் காற்றோட்டம் இல்லை. பீரோவைச் சுவரிலிருந்து மூன்று அங்குலமாவது தள்ளிப் போடுங்கள். ஜன்னல் சட்டத்தின் மூலையிலிருந்து விசிறிபோல் பரவினால் மழைநீர் உள்ளே வருகிறது.

ஏசி போட்ட அறையில், வெளிச்சுவரில், மூட்டுகளின் ஓரமாக இளஞ்சிவப்பு அல்லது கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் வேறு காரணம், இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். குளிர்ந்த தண்ணீர் டம்ளர் வெளியே வியர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அறைக்குள் 22 டிகிரியில் ஏசி ஓடுகிறது. வெளியே கடற்காற்று சூடும் ஈரமுமாக இருக்கிறது. அந்த ஈரம் வெளியிலிருந்து சுவர் வழியாக மெல்ல உள்ளே நகர்கிறது. சாதாரண பெயிண்ட் அடித்த சுவரானால் அது அறைக்குள் வந்து ஏசியில் வடிந்து போய்விடும். வினைல் காகிதம் ஒரு மழைக்கோட்டு. ஈரம் அதன் முதுகில் வந்து நிற்கிறது, முதுகோ குளிர்ந்திருக்கிறது, அங்கேயே வியர்க்கிறது. பசையில் மாவுப்பொருள் இருந்தால் அது பூசணத்துக்கு உணவு. ஈரமும் உணவும் இருட்டும் ஒரே இடத்தில். முன்பக்கம் துடைத்தால் புள்ளி போகாது, ஏனென்றால் அது பின்பக்கத்தில் இருக்கிறது.

ஷார்ஜாவிலும் கோடையில் ஏசி ஓயாமல் ஓடுகிறது, கடற்காற்று ஈரமும் உண்டு. இங்கேயும் வெளிச்சுவர் வினைலில் இதே கோளாறைப் பார்த்திருக்கிறேன். அறைகளுக்கு நடுவில் இருக்கும் உள்சுவரில் வருவது அபூர்வம். அதனால் ஊரில் ஏசி அறைக்கு என் முடிவு ஒன்றே: வினைல் வேண்டுமென்றால் உள்சுவரில் மட்டும். வெளிச்சுவருக்கு மூச்சு விடும் காகிதம், அல்லது வெறும் பெயிண்ட். கடையில் எல்லாவற்றையும் நான்வோவன் என்றே சொல்வார்கள், அடி நான்வோவனாக இருந்து மேலே வினைல் படலம் இருக்கும். மாதிரித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் மூச்சு விடும், முத்தாக உருண்டு நின்றால் விடாது.

பூசணம் வந்த காகிதத்தைக் காப்பாற்ற முயல வேண்டாம். மாஸ்க் போட்டுக்கொண்டு, முதலில் லேசாக நனைத்து, உரித்ததை அங்கேயே பையில் கட்டி வெளியேற்றச் சொல்லுங்கள். காய்ந்தபடியே கிழித்தால் விதைத்தூள் வீடு முழுக்கப் பறக்கும். ஆஸ்துமா உள்ள பெரியவர்களும் குழந்தைகளும் அன்று பக்கத்து வீட்டில் இருக்கட்டும். சுவரைச் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, முழுக்கக் காயவிட்டு, பூசணத் தடுப்பு பிரைமர் அடிக்கலாம். பிளீச்சிங் பயன்படுத்துபவர்கள் அதோடு பாத்ரூம் கழுவும் ஆசிட்டை எந்தக் காரணத்துக்கும் சேர்க்கக் கூடாது. வரும் வாயு நுரையீரலைக் கெடுக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஒரு ஏற்பாடு அவசியம். மேல் வென்டிலேட்டர்களை அடைக்காமல் கொசுவலை மட்டும் போடுங்கள். வாரம் ஒருநாள் மழையில்லாத மதியத்தில் யாராவது வந்து ஜன்னல், பீரோ, கழிவறைக் கதவு எல்லாவற்றையும் இரண்டு மணி நேரம் திறந்து ஃபேன் போடட்டும். எங்கள் உம்மா வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து இதைச் செய்கிறார். ஊரில் உள்ள எங்கள் பிளாட் வாடை இல்லாமல் இருப்பது அவரால்தான்.

காகிதத்தோடு பெயிண்ட்டும் பட்டியும் சேர்ந்து உரிகிறது

பசை சரியாகத்தான் பிடித்திருக்கிறது. சுவர் தன் மேல்தோலைப் பிடித்துக்கொள்ளவில்லை. காய்ந்து சுருங்கும் காகிதம் பலமாக இழுக்கும், அடியில் எது பலவீனமோ அது பெயர்ந்து வரும். டிஸ்டெம்பரோ சுண்ணாம்போ மாவாகக் கையில் ஒட்டினால் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கழுவி, பிரைமர் அடித்த பிறகே ஒட்ட வேண்டும். ஒட்டும் முன் சோதிக்க, பிளேடால் கூட்டல் குறி போலக் கீறி, நல்ல டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுக்கச் சொல்லுங்கள். டேப்போடு தோல் வந்தால் அந்தச் சுவர் இன்னும் தயாராகவில்லை.

புதுவீடானால் காத்திருங்கள். சிமெண்ட் பூச்சு 28 நாள் என்பது அது இறுகும் கணக்கு. உள்ஈரம் முழுக்க வெளியேற அதைவிட அதிக நாளாகும். புதுச் சிமெண்டின் காரம் சில நிறங்களைப் பொசுக்கி மஞ்சள் திட்டாக்கும். கட்டி முடித்த வீட்டுக்கு முதல் வருடம் வெள்ளை பெயிண்ட், ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு வால்பேப்பர் என்பது என் பழக்கம்.

நிறம் ஒத்துப்போகவில்லை

பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் இரண்டு நிறமாகத் தெரிந்தால் ரோல் லேபிளில் அச்சடித்த பேட்ச் எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிசைன் எண் ஒன்றாக இருந்து பேட்ச் எண் மாறியிருக்கும். ஒட்டிய பின் இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. மிச்சமிருக்கும் ரோலை வேறு சுவருக்கு மாற்றுவதுதான். பேட்ச் ஒன்றேயாகி, ஓரத்தில் மட்டும் நிழல்போல் தெரிந்தால், லேபிளில் மேலும் கீழும் பார்த்த இரண்டு அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாக ஒட்ட வேண்டிய காகிதம் அது. மேற்குச் சுவரில் ஜன்னல் எதிரே வெளிறினால் வெயில்தான். லேபிளில் சூரியன் குறி முழுதாக இருக்கும் காகிதம் அதிகம் தாங்கும்.

ரோல் போதவில்லை

வெளிநாட்டிலிருந்து வாங்கிக் கொண்டுபோகிறவர்களுக்கு இது பெரிய இடி. நாலு தாள் ஒட்டியபின் தெரியும், கடையோ கடல் கடந்து இருக்கும். சதுர அடியை வகுத்து வாங்குவதால் வரும் வினை. ஐரோப்பிய அளவு ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10.05 மீட்டர் நீளம், ஏறக்குறைய 57 சதுர அடி. கொரிய ரோல் 1.06 மீட்டர் அகலம், 15.6 மீட்டர் நீளம்.

தாளாக எண்ணுங்கள். 12 அடிச் சுவருக்கு 53 சென்டிமீட்டர் தாள் 7 வேண்டும். உயரம் 10 அடி என்றால் வெட்டுக்கும் சேர்த்து 3.15 மீட்டர். டிசைன் 64 சென்டிமீட்டருக்கு ஒருமுறை திரும்புகிறது என்றால் 5 திருப்பம், 3.20 மீட்டர். ஒரு ரோலில் 3 தாள் வரும், 3 ரோல் போதும். அதே சுவர் பத்தரை அடி உயரமானால் 3.30 மீட்டர் வேண்டும், 6 திருப்பம் ஆகிவிடும், 3.84 மீட்டர். இப்போது ஒரு ரோலில் 2 தாள்தான், 4 ரோல் வாங்க வேண்டும். அரை அடி உயரத்துக்கு ஒரு ரோல் கூடுகிறது. ஆகவே ஊரில் இருப்பவரிடம் சுவரை இடது ஓரம், நடு, வலது ஓரம் மூன்றிலும் அளக்கச் சொல்லி, அதிக உயரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ரோல் ஒன்று கூடுதலாக வாங்குங்கள், எல்லாம் ஒரே பேட்சில். பெட்டியில் படுக்க வையுங்கள். நிறுத்தி வைத்தால் ஓரம் நசுங்கி, மூட்டு முழுக்க வெள்ளைக் கோடாகத் தெரியும்.

டிசைன் சாய்ந்து போகிறது

முதல் தாளை வாசல் நிலையோடோ மூலையோடோ சேர்த்து வைத்து ஆரம்பித்திருப்பார்கள். நிலையே சாய்ந்திருக்கும். தூக்குக்குண்டு விட்டுப் பென்சில் கோடு போட்டு அதில் ஆரம்பிக்க வேண்டும். சாய்வு கொஞ்சமென்றால் சிறு பூ டிசைனில் தெரியாது, கோடு போட்ட காகிதத்தில் கண்ணை உறுத்தும். உரித்துத் திரும்ப ஒட்டுவது தவிர வழியில்லை.

பூச்சி அரித்திருக்கிறது

மேல்தோலை மட்டும் சுரண்டியது போல் ஒழுங்கில்லாத தேய்மானம், பக்கத்தில் மிளகுத்தூள் போன்ற எச்சம் என்றால் இராமபாணப் பூச்சி. பசை மாவுக்காக வருகிறது, ஈரம் குறைந்தால் போய்விடும். மைதா காய்ச்சி ஒட்டிய சுவரில் அதிகம் வரும். பைண்டிங் செய்பவர்கள் மைதா பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பூச்சிக்காகத்தான். அது விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுச் சுவரில் வேண்டாம்.

காகிதத்தின் அடியில் விரல் தடிமனில் மண்கோடு ஓடுவது போல் மேடு தெரிந்து, தட்டினால் பொத்தலான சத்தம் கேட்டால் கறையான். அன்றே மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். காகிதத்தைப் பற்றி யோசிக்க இது நேரமில்லை, கதவு நிலையையும் பீரோவையும் பாருங்கள்.

இங்கே வாடகை பிளாட்டில்: எடுக்கும்போது சுவர் கிழிகிறது

ஒட்டும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், காலி செய்யும்போது டெபாசிட் கணக்கில் அதுதான் பேசும். ஸ்டிக்கர் வகைக் காகிதம் குளிர்ந்திருக்கும்போது பெயிண்ட்டோடு வரும். தலைமுடி உலர்த்தியால் இதமாகச் சூடாக்கி, சுவரோடு சுவராகத் தாழ்வாக, மெதுவாக இழுங்கள். நான்வோவன் பெரும்பாலும் காய்ந்தபடியே முழுத்தாளாக வரும். வினைல் மேல்தோல் மட்டும் வந்து அடித்தாள் நின்றுவிட்டால், தண்ணீர் தெளித்துக் கால் மணி நேரம் ஊறவிட்டு பிளாஸ்டிக் பட்டித்தகட்டால் வழித்து எடுங்கள். சுவிட்ச் பக்கம் தண்ணீர் தெளிக்கும் முன் மெயினை அணைக்க மறக்காதீர்கள். இதே ஸ்டிக்கர் வகையை ஊரில் பூட்டிய வீட்டில் ஒட்ட நான் சொல்லமாட்டேன், சித்திரை வெயிலில் அதன் பசை இளகி மூலைகள் சுருண்டுவிடும்.

எந்தச் சுவரில் ஒட்டலாம் என்று இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு

கடல் எந்தப் பக்கம் என்று பாருங்கள். கீழக்கரை, ஏர்வாடி, புதுமடம் போன்ற மன்னார் வளைகுடாக் கரையில் கச்சான் மாதங்களில் தெற்கு, மேற்குச் சுவர்கள் உப்பு வாங்கும். தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, தொண்டி போன்ற பாக் விரிகுடாக் கரையில் வாடையும் மழையும் வடக்கு, கிழக்குச் சுவர்களில் அடிக்கும். அந்தச் சுவர்களை விட்டுவிட்டு உள்சுவரில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். கார்த்திகையில் பிளாஸ்டிக் தாள் சோதனை, தையில் பட்டி வேலை, ஜூனில் நீங்கள் வந்து ஒட்டுவது. இந்த வரிசையில் போனால் டிக்கெட் போடும் முன்பே சுவரின் நிலைமை கையில் இருக்கும்.

ஊரில் எங்கள் பிளாட்டில் தெற்குச் சுவர் கடலைப் பார்த்தது. ஷார்ஜாவிலிருந்து அதற்கென்று வாங்கிப்போன மூன்று ரோலை இரண்டு வருடமாகப் பரணில் படுக்க வைத்திருந்தேன். போன கார்த்திகையில் உம்மா பிளாஸ்டிக் தாளைப் படம் எடுத்து அனுப்பினார், உள்பக்கம் முழுக்கத் துளி. ரோலை வடக்குப் பக்க உள்சுவரில் ஒட்டினோம். தெற்குச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம், அதன் முன்னால் வாப்பாவின் சாய்வு நாற்காலி கிடக்கிறது.